கோர்வையும் பாலமும்

காஞ்சிமாநகர்க்கு அணித்தே முசரவாக்கம் என்னும் சிற்றூர் உளது. கோயில்களால் புகழ்பெற்ற காஞ்சி பட்டினாலும் அத்துணைப் புகழ் பெற்றதன்றோ? நகரத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் குழித்தறியில் அமர்ந்து நெய்யும் குடும்பங்கள் பல. கால் மிதிபலகையை மிதிக்க, நாடா இப்பாலும் அப்பாலும் ஓட, இடையறாது எழும் தறியொலியே அவ்வீடுகளில் பொழுதைக் காட்டுவது. அத்தறியில் நிகழும் நுட்பம் ஒன்றை அறிந்துகொண்டார்க்கு, பெரும்பாலங்களின் ஆயுளைப் பற்றிய பொறியியல் உண்மை ஒன்று எளிதில் விளங்கும்.

காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்புகளுள் ஒன்று கோர்வை எனப்படும் நெசவு. சேலையின் உடல் ஒரு நிறம். கரை வேறொரு நிறம். இரண்டினையும் தனித்தனியே நெய்து பின்னர்த் தைப்பதன்று அது. உடலுக்குரிய ஊடையிழையும் கரைக்குரிய ஊடையிழையும் நெய்யும்போதே ஒன்றையொன்று பற்றிக்கொள்ளுமாறு கோக்கப்படுகின்றன. உடலுக்கு ஒன்று, இருகரைக்கும் ஒவ்வொன்று என மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளர் ஒருவர் நெய்ய, துணையாள் ஒருவர் அருகிலிருந்து கரைநாடாவைச் செலுத்துவர். வேலை மெல்லவே நடக்கும், கூலியும் கூடும். எனினும் அங்ஙனம் கோத்த சேலை நாட்பட்டு நைந்து கிழியினும், கரை உடலைவிட்டுப் பிரியாது என்று காஞ்சியார் பெருமிதத்துடன் கூறுவர். இருவேறு பொருள்களைச் சேர்த்து ஒன்றாக்கும்போது, அவற்றின் வலிமையினும் அவை கூடுமிடத்தின் வலிமையே பெரிது என்பதைக் கைத்தொழிலாளர் பண்டே உணர்ந்திருந்தனர்.

இனிப் பாலத்திற்கு வருவோம். சென்னையிலிருந்து பெங்களூருவுக்குச் செல்லும் நெடுஞ்சாலை காஞ்சிக்கு அருகே செல்கின்றது. கல்லும் மணலும் நெல்லும் இயந்திரங்களும் ஏற்றிய லாரிகள் இத்தகைய சாலைகளில் இரவு பகலாக ஓடுகின்றன. சாலை இருப்புப்பாதையைக் கடக்கவேண்டிய இடங்களில் கட்டப்படும் மேம்பாலங்கள் பலவற்றின் அடியில் நின்று அண்ணாந்து நோக்குவோர், நீண்ட எஃகு உத்தரங்கள் கீழே நிற்பதையும், அவற்றின்மேல் காங்கிரீட்டு எனப்படும் கற்காரைத் தளம் படிந்திருப்பதையும் காணலாம். இரயில் போக்குவரத்தை நெடுநாள் நிறுத்தாமல், எஃகு உத்தரங்களைத் தூக்கி வைத்து விரைவில் வேலையை முடிக்கலாம் என்பதனால் அவ்விடங்களில் இம்முறை விரும்பப்படுகின்றது. எஃகும் கற்காரையும் சேர்ந்து சுமை தாங்கும் இதனைக் கூட்டுப் பாலம் என்று அழைப்போம்.

கற்காரை அழுத்தத்தைத் தாங்கும். இழுப்பைத் தாங்காது வெடிக்கும். எஃகு இழுப்பை நன்கு தாங்கும். ஆனால் மெல்லிய எஃகுத் தகடு அழுத்தப்பட்டால் நெளிந்துவிடும். இருமுனையிலும் தாங்கப்பட்ட உத்தரம் ஒன்றின்மேல் சுமை ஏறும்போது, அதன் மேற்பகுதி அழுந்துகின்றது, கீழ்ப்பகுதி இழுபடுகின்றது. எனவே மேலே கற்காரையும் கீழே எஃகும் வைப்பது, அவரவர்க்கு ஏற்ற வேலையை அவரவர்க்கு ஒப்படைத்தது போலாம்.

ஆயினும் ஒன்றன்மேல் ஒன்றை வைத்துவிட்டால் போதுமா? ஒரே அளவுள்ள இரு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இருபுறமும் கல்வைத்து, நடுவில் மிதித்துப் பார்க்கலாம். அவை வளையும்போது ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். முனைகளில் அவ்வழுக்கல் கண்ணுக்கே தெரியும். அவ்விரு பலகைகளையும் வழுக்காதவாறு பசையிட்டு ஒட்டி ஒரே பலகையாக்கிவிட்டால், விறைப்பு நான்கு மடங்காகும். தாங்கும் வலிமை இரண்டு மடங்காகும். பலகை கூடவில்லை, மரம் கூடவில்லை; வழுக்கலைத் தடுத்தது ஒன்றே செய்த வேலை இத்துணை.

பாலத்தில் அவ்வழுக்கலைத் தடுப்பவை குமிழாணிகள். காளானைப் போன்ற தலையுடைய குட்டையான எஃகுத் தண்டுகள் அவை. உத்தரத்தின் மேற்பட்டையில் வரிசை வரிசையாக அவற்றை நிறுத்திப் பற்றவைப்பர். பின்னர் அவற்றைச் சூழக் கம்பி கட்டிக் கற்காரையை வார்ப்பர். கற்காரை இறுகியதும் குமிழாணிகள் அதனுள் புதைந்து, தளத்தையும் உத்தரத்தையும் நகராவண்ணம் பிணைத்துவிடும். பாலத்தின் கோர்வை இதுவே. சேலையின் கோர்வை கண்ணுக்குத் தெரியும். இதுவோ கற்காரைக்குள் மறைந்து கிடப்பது. இவ்வேற்றுமையைப் பின்னர் மீண்டும் நினைக்கவேண்டி வரும்.

இத்துணை உறுதியாகப் பிணைத்த பாலம் எதனால் கெடும்? அளவிறந்த சுமையால் உடையும் என்பது எவரும் சொல்லும் விடை. மென்மையான மயிற்பீலியேயாயினும் அளவுக்குமேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் கருத்தை வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் அமைத்திருக்கின்றார். அவர் கூறியது மிகைச்சுமையால் நேரும் முறிவு. சுமை மிகாதிருக்கவும் அச்சு முறியும் என்பதை உலகம் 19ஆம் நூற்றாண்டில் பெருந்துன்பத்தின் வாயிலாகக் கற்றது.

1842ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், பிரான்சு நாட்டில் வெர்சேல் நகரினின்று பாரிசுக்குத் திரும்பிய இரயில்வண்டி ஒன்றின் எஞ்சின் அச்சு முறிந்தது. பின்வந்த பெட்டிகள் அதன்மேல் மோதித் தீப்பற்றின. ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். தென்முனைக் கடல்களைச் சுற்றி ஆராய்ந்த தூமோன் துர்வீல் என்னும் கடலோடியும், அவர் மனைவியும் மகனும் அவர்களுள் அடங்குவர். நெடுநாள் குறையின்றி ஓடிய அச்சு அன்று மட்டும் முறிந்தது ஏன்? ஓடியோடி இரும்பின் உள்ளியல்பே மாறிப் படிகமாகிவிட்டது என்று பலர் எண்ணினர். அவ்வெண்ணம் தவறு. முறிந்த அச்சுகளை ஆராய்ந்த இராங்கின் என்னும் பொறியியலார், தண்டின் பருமன் திடீரெனக் குறையும் கழுத்துப் பகுதியில் நுண்ணிய பிளவு தோன்றி, சிறிது சிறிதாக உள்ளே வளர்ந்து, எஞ்சிய பகுதி சுமை தாங்க இயலாத அளவு குறைந்தபோதே அச்சு முறிந்தது என்பதை 1843இல் எடுத்துக்காட்டினார்.

ஓடும் அச்சு ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை அழுந்துகின்றது. இரும்புக் கம்பி ஒன்றைக் கையால் இழுத்து அறுக்க மல்லனாலும் இயலாது. அதனையே சிறுவன் ஒருவன் ஓரிடத்தில் இப்புறமும் அப்புறமும் பன்முறை வளைப்பானாயின் முறிந்துவிடும். அச்சுக்கு நேர்ந்ததும் இத்தகையதே. கம்பியின் வளைவு பெரிது, ஆதலால் சில முறையிலேயே முறிகின்றது. அச்சின் வளைவு கண்ணுக்குத் தெரியாதது, ஆதலால் பல இலட்சம் முறை தாங்குகின்றது. பட்டுச்சேலையை நெடுங்காலம் ஒரே மடிப்பில் வைத்தலாகாது, அவ்வப்போது மடிப்பை மாற்றவேண்டும் என்று வீட்டு மூதாட்டியர் கூறுவதும் ஏறக்குறைய இவ்வறிவின்பாற் பட்டதே. திரும்பத் திரும்ப ஏறியிறங்கும் விசையால் உலோகம் வலிவிழப்பதைப் பொறியியலார் அயர்வு என்று பெயரிட்டனர். மனிதர் அயர்வு உறங்கினால் தீரும். உலோகத்தின் அயர்வு ஓய்வினால் தீராது. ஒருமுறை வளர்ந்த பிளவு வளர்ந்ததே.

இதனை எண்ணாலும் அளவாலும் நிறுவியவர் பிரஷ்ய நாட்டு இரயில்வே பொறியியலாராகிய ஆகஸ்டு வோலர் என்பவர். அவர் பொறியொன்று அமைத்து, அச்சுகளைச் சுமையோடு சுழலவைத்து, எத்துணைச் சுமைக்கு எத்துணைச் சுற்றில் முறிகின்றன என்று எண்ணி வந்தார். 1850கள் தொடங்கி 1870 வரை அவர் பணி நீண்டது. ஒரே இழுப்பில் அறுக்கத் தேவையான விசையினும் மிகக் குறைந்த விசையே, பலகால் ஏறியிறங்கினால் எஃகை முறிக்கும் என்பது அவர் கண்ட முதல் முடிவு. விசையின் உயர்ந்த அளவைவிட அது ஏறியிறங்கும் வேறுபாடே முறிவுக்குப் பெருங்காரணம் என்பது அடுத்தது. அவ்வேறுபாடு ஒரு வரம்புக்குக் கீழே இருப்பின், எண்ணிறந்த முறை ஏறியிறங்கினாலும் எஃகு தாங்கிநிற்கும் என்பதையும் அவர் கண்டார்.

இரண்டாம் முடிவு கருதற்பாலது. பாலத்தின் தன் எடை மிகப் பெரிது. ஆயினும் அஃது எந்நாளும் மாறாமல் நிற்பது. லாரியின் எடை அதனை நோக்கச் சிறிது. ஆயினும் வந்து போவது. அயர்வை விளைப்பதில் நிலைத்துக் கிடக்கும் சுமையினும் வந்து போகும் சுமையே கொடிது.

எத்துணைமுறை வந்து போகின்றது என்று கணக்கிட்டுப் பார்ப்போம். நாள் ஒன்றுக்கு 5,000 கனவண்டிகள் கடக்கும் பாலம் ஒன்றைக் கொள்வோம். ஆண்டுக்கு 18 இலட்சத்து 25 ஆயிரம் முறை அது வளைந்து நிமிர்கின்றது. பற்றவைத்த இணைப்புகளின் அயர்வு வலிமையைப் பொறியியலார் 20 இலட்சம் முறைக்குக் கணக்கிட்டு வகைப்படுத்துவர். நம் பாலத்தில் அவ்வெண்ணிக்கை பதினான்கு திங்களுக்குள் நிறைந்துவிடும். பாலமோ 100 ஆண்டு நிலைக்கவேண்டும் என்று இந்தியச் சாலைப் பேரவையின் நெறிநூல் எதிர்பார்க்கின்றது. ஆதலின் வண்டிகளால் விளையும் விசைவேறுபாடு மிகச் சிறிதாக இருக்குமாறு உத்தரங்களின் அளவை வகுத்தாலன்றி அவ்வாயுள் கிட்டாது.

இங்கே மிகைச்சுமையின் தீமை வெளிப்படும். எஃகின் பற்றவைத்த இணைப்புகளில் விசைவேறுபாடு இருமடங்கானால், ஆயுள் பாதியாவதில்லை. எட்டில் ஒரு பங்காகக் குறைகின்றது. ஒன்றரை மடங்கு பாரம் ஏற்றிய லாரி ஒன்று, அளவாக ஏற்றிய லாரிகள் மூன்றுக்குமேல் சென்றால் விளையும் அயர்வைத் தான் ஒருமுறை செல்வதாலேயே விளைத்துவிடுகின்றது. குமிழாணியின் செய்தி இதனினும் கடுமையானது. கூட்டுப் பாலங்களுக்குரிய ஐரோப்பிய நெறிநூலின்படி, குமிழாணியின்மேல் விழும் விசைவேறுபாடு இருமடங்கானால் அதன் ஆயுள் 256இல் ஒரு பங்காகிவிடும். இரண்டு நடையில் கொண்டுசெல்ல வேண்டியதை ஒரே நடையில் கொண்டுசென்று எரிபொருளை மிச்சப்படுத்தியதாக மகிழ்வோர், அம்மிச்சத்தைப் பாலத்தின் ஆயுளிலிருந்தே எடுத்துக்கொள்கின்றனர். பாலம் பொதுச்சொத்து, ஆதலின் கடன் கொடுத்தவர் எவர் என்பதும் தெரிவதில்லை.

பாலத்தின் நடுப்பகுதியில் உள்ள குமிழாணிகளின் நிலை வியப்புக்குரியது. நின்ற சுமையைக் கொண்டு கணக்கிட்டால், வழுக்கும் விசை முனைகளில் மிகுதி. நடுவில் இல்லையென்றே சொல்லலாம். ஆனால் வண்டி நிற்பதில்லையே! சக்கரம் நடுவை நெருங்கும்போது அங்குள்ள ஆணி ஒருபுறம் தள்ளப்படுகின்றது. நடுவைக் கடந்ததும் மறுபுறம் தள்ளப்படுகின்றது. சிறுவன் கையிற்பட்ட கம்பியின் கதிதான் அதற்கும். பிளவு பெரும்பாலும் ஆணியின் அடியில், பற்றவைத்த இடத்திலேயே தோன்றும். சில வேளைகளில் அஃது ஆணியை அறுக்கும். சில வேளைகளில் உத்தரத்தின் மேற்பட்டைக்குள் இறங்கும். ஓர் ஆணி அற்றால் பாலம் விழுந்துவிடாது. அதன் பங்கை அடுத்த ஆணிகள் ஏற்கும். ஏற்றவற்றின் அயர்வு விரைவுபடும். 1966இல் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் சிலட்டர், பிஷர் என்னும் இருவர் இவ்வாணிகளின் அயர்வைச் சோதனைகளால் அளந்து வெளியிட்ட முடிவுகள், பாலம் அமைப்போர்க்கு அடிப்படையாயின.

கற்காரையும் அயர்வுறும். ஜப்பான் நாட்டில் எஃகு உத்தரங்களின்மேல் அமைந்த மெல்லிய கற்காரைத் தளங்கள், 1960களின் பிற்பகுதி முதல், லாரிப் போக்குவரத்து மிகுந்த சாலைகளில் வெடித்து உதிரலாயின. அந்நாட்டறிஞர் சோதனைக்கூடத்தில் தளத்தின்மேல் சக்கரத்தை முன்னும் பின்னுமாக ஓயாது உருட்டிப் பார்த்தனர். நீர் தேங்கிய தளம், உலர்ந்த தளத்தினும் மிக விரைவில் கெட்டது. வெடிப்பினுள் புகுந்த நீரைச் சக்கரம் அழுத்த, அந்நீர் உள்ளே அரைத்து அரைத்துக் கற்காரையைப் பொடியாக்குகின்றது. மழைநீர் வடியும் துளைகளைக் குப்பை அடைக்காமல் பார்த்துக்கொள்வது சிறுபணி போலத் தோன்றும். பாலத்தின் ஆயுளில் பல்லாண்டுகள் அதனைப் பற்றியே இருக்கின்றன.

நீரினும் கொடியது உப்பு. வோலர் கண்ட வரம்பு, உப்புக்காற்றிலும் உவர்நீரிலும் நிற்கும் எஃகுக்குக் கிடையாது. துரு அரித்த சிறுகுழிகளே பிளவுகளுக்குப் பிறப்பிடமாகின்றன. தமிழ்நாட்டார் இதற்குச் சான்று தேட நெடுந்தொலைவு செல்லவேண்டா. இராமேசுவரம் செல்லும் வழியில் அமைந்த பாம்பன் பாலமே போதும். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள அவ்விரயில் பாலம் 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் திறக்கப்பட்டது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், பாலத்தின் எஃகு உத்தரங்களுள் பெரும்பாலானவற்றைக் கடலுள் தள்ளிற்று. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் நடுப்பகுதி தப்பி நின்றது. ஸ்ரீதரன் என்னும் பொறியியலாரின் மேற்பார்வையில், கடலில் கிடந்த உத்தரங்களை மீட்டெடுத்து, 46 நாளில் பாலத்தைச் சீர்செய்தனர். ஊரெல்லாம் கண்ட அழிவுக்கு மருந்து 46 நாளில் கிடைத்தது. எவரும் காணாமல் நாளும் அரித்த துருவோ, அப்புயலில் தப்பிய அந்நடுப்பகுதியையே பற்றியது. 2022 டிசம்பரில் அப்பாலத்தின்மேல் இரயில் ஓட்டம் நிறுத்தப்பட்டது. அதனருகே எழுந்த புதுப்பாலம் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது.

பாம்பனில் குறையைக் கண்டறிந்து வண்டியை நிறுத்தினர், ஓருயிரும் போகவில்லை. அங்ஙனம் கண்டறியாத இடமும் உண்டு. அமெரிக்க நாட்டில் ஒகையோ ஆற்றின்மேல் 1928இல் கட்டப்பட்ட வெள்ளிப் பாலம் என்னும் தொங்குபாலம், 1967ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் மாலை, வண்டிகள் நிறைந்திருந்த வேளையில் ஆற்றில் வீழ்ந்தது. நாற்பத்தறுவர் மாண்டனர். பாலத்தைத் தாங்கிய எஃகுச் சங்கிலியின் கண்ணி ஒன்றில், துருவும் விசையும் கூடி விளைத்த பிளவே காரணம். அதன் ஆழம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான். அப்பிளவு இரு கண்ணிகள் கூடும் மூட்டினுள் இருந்தது. மூட்டைக் கழற்றினாலன்றி அதனைக் காணவியலாது. அதன்பின்னரே அந்நாட்டில் பாலங்களைக் குறித்த காலந்தோறும் ஆய்வுசெய்யும் நெறி நாடு முழுவதற்கும் சட்டமாயிற்று.

பழைய பாலங்களை ஆய்வோர் கையில் சிறு சுத்தியல் ஒன்று இருக்கும். தறையாணியின் ஒருபுறம் விரலை வைத்து, மறுபுறம் தட்டிப் பார்ப்பர். தளர்ந்த ஆணி விரலுக்குத் தெரிந்துவிடும். பிளவு தென்பட்டால், அதன் நுனியில் வட்டமாகத் துளையிடுவதும் ஒரு மருத்துவம். ஓட்டையை ஓட்டையால் அடைப்பதா என்று நகைக்கவேண்டா. கூரிய நுனியில் குவிந்த விசை வட்டத்துளையைச் சுற்றிப் பரவிவிடுமாதலின், பிளவின் ஓட்டம் அங்கே தடைப்படும். சென்னைத் தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தில் அயர்வையும் முறிவையும் ஆராய்வதற்கென்றே ஒரு சோதனைக்கூடம் உண்டு. அங்கே பொறிகள் எஃகு உறுப்புகளை இழுத்தும் தளர்த்தியும் எண்ணிக்கொண்டிருக்கின்றன.

குமிழாணிக்கோ சுத்தியலும் எட்டாது. கற்காரைக்குள் மறைந்து கிடப்பதன்றோ? அதன் நலத்தைக் குறிப்பால் அறியவேண்டும். உத்தரமும் தளமும் சேரும் வரியில் துருநீர் வடிந்த செங்கறை உளதா, மெல்லிய இடைவெளி தோன்றியிருக்கின்றதா, பாலம் முன்னினும் மிகுதியாகத் தாழ்கின்றதா என்று பார்ப்பர். ஆணிகள் அற்றமை உறுதியானால், தளத்தில் துளையிட்டு உத்தரம்வரை இறக்கி, வலிய திருகாணிகளை இட்டு முடுக்குவர். தளத்தைப் பெயர்க்காமலே கோர்வையைப் புதுப்பிக்கும் முறை அது.

ஆயினும் முதற்சோதனை இன்றும் எளியதே. ஆய்வாளர் பாலத்தின் அடியில் ஏறி நின்று, உத்தரத்திற்கும் தளத்திற்கும் குறுக்கே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்துவிட்டு, மேலே பாரவண்டி வரும்வரை காத்திருக்கின்றார். வண்டி கடக்கும்போது அக்கோடு நடுவில் முறிந்து விலகுகின்றதா, நேராகவே நிற்கின்றதா என்று கூர்ந்து நோக்குகின்றார். பின்னர் அதனை நாளும் இடமும் குறித்து ஏட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த உத்தரத்திற்குச் செல்கின்றார்.